ஒரு ஜன்னலுக்கு என்ன விலை?

"எண்ணூறு ரூபா கொடுத்துடுங்கம்மா. வீடு பூரா ஜன்னல் பளிச்சுனு ஆயிடும்."

போனில் இப்படிச் சொல்லி வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள் என் சிநேகிதி. முதல் ஆர்டர் அல்லவா? கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடி அப்போது நாலு மாதம். பெரியவன் பத்தாவது, சின்னவள் ஐந்தாவது. பள்ளிக்கூடத்துக்கு இரண்டாம் தவணை கட்டவேண்டிய நேரம். என்ன தொழில் செய்யலாம் என்று யோசித்து யோசித்து, கடைசியில் ஜன்னலில் வந்து நின்றாள்.

கேட்டபோது எனக்கே வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சொன்ன காரணம் நியாயமானது. சென்னையின் தென்புறத்தில் எங்கே பார்த்தாலும் அடுக்குமாடி வீடுகள். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் பாத்திரம் தேய்ப்பார்கள், பெருக்கித் துடைப்பார்கள். சமையலுக்கு ஆள் உண்டு, துணி தேய்க்க ஆள் உண்டு. ஜன்னல் மட்டும் யார் கணக்கிலும் வராத வேலை. போகிக்கும் தீபாவளிக்கும் வீட்டுக்காரியே நாற்காலி போட்டு ஏறினால்தான் உண்டு. "அந்த நாற்காலியிலே நான் ஏறிக்கறேன். காசு கொடுக்க மாட்டாங்களா?" என்றாள்.

கொடுப்பார்கள். ஆனால் எவ்வளவு? அதுதான் அவளுக்குத் தெரியவில்லை. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கும் தெரியாது. வீட்டில் செய்த ஊறுகாய் என்றால் மாங்காய் இவ்வளவு, எண்ணெய் இவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். நம் கை உழைப்புக்கு மட்டும் விலை சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொள்கிறது. வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொல்கிறோம். எதிராளி கொஞ்சம் மௌனமாக இருந்தால் நாமே அதில் நூறைக் குறைக்கிறோம்!

அந்த முதல் வீட்டுக்கதையைக் கேளுங்கள். மூன்று படுக்கையறை வீடு, மூன்றாம் மாடி. எதிர் வரிசையில் குடியிருக்கும் ஒரு பெண்ணையும் கூட அழைத்துக்கொண்டு காலை ஒன்பதரைக்குப் போனாள். ஒரு மணிக்கு முடித்துவிடலாம் என்பது நினைப்பு. போய்ப் பார்த்தால், குடிவந்து மூன்று வருஷமாக யாரும் ஜன்னலைத் தொட்டதில்லை. பெயின்டர் தெளித்துவிட்டுப் போன பொட்டுகள் அப்படியே இருந்தன. கண்ணாடிக் கதவு ஓடுகிற டிராக்கில் மண்ணும் செத்த பூச்சியும் சேர்ந்து களிமண்ணாக இறுகிக் கிடந்தன. கொசுவலையைத் தொட்டால் கை கறுப்பு. பின்பக்கத்து ஜன்னல்களிலோ, மேல்வீட்டார் பால்கனி கழுவிய போர் தண்ணீர் வழிந்து காய்ந்து, கண்ணாடியெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கோலம் போட்டமாதிரி உப்புக்கறை.

முடிக்கும்போது மாலை ஐந்து. வீட்டுக்கார அம்மாள் நல்ல மாதிரி. பளபளப்பைப் பார்த்து சந்தோஷப்பட்டு, பேசினபடி எண்ணூறைக் கையில் கொடுத்தார். ஆட்டோவுக்கு 120, சோப்பு, வினிகர், துணி வகையில் 60. மீதி 620. ஆளுக்கு 310. சாப்பாட்டு நேரம் அரை மணி போக ஏழு மணி நேர உழைப்பு. மணிக்கு 44 ரூபாய்!

"ராத்திரி தோளைத் தூக்க முடியலைடி. அதைக்கூடப் பொறுத்துக்கலாம். கூட வந்தவ, 'அக்கா, நான் நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சாலே இதுக்கு மேல கிடைக்கும்'னு சொன்னா பாரு, அதுதான் உறுத்திச்சு" என்றாள் மறுநாள்.

எண்ணூறு கொடுத்தவர் ஏமாற்றவில்லை. எண்ணூறு கேட்டவள் கணக்குப் போடவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு ஜன்னலையே பரீட்சைக்கு எடுத்துக்கொண்டோம். கையில் கடிகாரத்தோடு நான். துணியும் வாளியுமாக அவள். இரண்டு கண்ணாடிக் கதவும் ஒரு கொசுவலைக் கதவும் ஓடுகிற சாதாரண ஜன்னல்தான் அது. ஒரு கண்ணாடிக் கதவை இரண்டு பக்கமும் சோப்புத் தண்ணீர் போட்டு, ரப்பர் வைப்பரால் இழுத்து, ஓரத்தைத் துடைக்க 4 நிமிஷம், இரண்டுக்கு 8. வலையைக் கழற்றி, கழுவி, உதறி, மாட்ட 5. டிராக்கில் உள்ள மண்ணை பழைய டூத் பிரஷ்ஷால் கிளறி, தண்ணீர் விட்டுத் துடைத்து எடுக்க 7. சட்டம், கைப்பிடி எல்லாம் துடைக்க 2. ஆக மொத்தம் 22 நிமிஷம்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஜன்னல் என்றால் கண்ணாடி என்று நினைக்கிறோம். கண்ணாடிக்கு ஆனது வெறும் எட்டே நிமிஷம்! மூன்றில் இரண்டு பங்கு நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வலையும் டிராக்கும் சட்டமுமே தின்றுவிட்டன. "ஜன்னல் துடைக்க இவ்வளவா?" என்று கேட்கிறவர் கண்ணாடியை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு கேட்கிறார். விலை சொல்கிறவளாவது முழு ஜன்னலையும் நினைத்துச் சொல்லவேண்டாமா?

(அந்த வைப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. கைப்பிடியில் ஒற்றை ரப்பர் பட்டை பொருத்திய இந்தச் சின்ன சாமானை 1930-களில் உருவாக்கியவர் எட்டோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலிக்காரர். பிழைப்புக்காக அமெரிக்கா போய் ஜன்னல் துடைத்தவர்தான் அவரும். நியூஸ் பேப்பரால் தேய்ப்பதைவிட இது பாதி நேரம். தவிர, வெள்ளை யு.பி.வி.சி. சட்டத்தில் பேப்பர் மை ஒட்டிக்கொண்டால் அதைப் போக்குவது தனி வேலை.)

சரி, நேரம் தெரிந்துவிட்டது. அதை எப்படி ரூபாயாக்குவது?

தலைகீழாகப் போகச் சொன்னேன். "ஒரு நாள் முழுக்க வெளியே போனா, உன் கையில எவ்வளவு நிக்கணும்?" கொஞ்ச நேரம் யோசித்து, "தொள்ளாயிரம்" என்றாள். கூட வருகிற பெண்ணுக்கும் அதே தொள்ளாயிரம். அவளுக்குக் குறைத்துத் தன் பங்கைக் கூட்டிக்கொள்ள என் சிநேகிதிக்கு மனசில்லை. இருவர் கையும் ஒரே தண்ணீரில்தானே ஊறுகிறது. ஆக 1800. போக்குவரத்து 150, சோப்பு வினிகர் துணித் தேய்மானம் 60, போன், டீ வகையறா 40. எல்லாம் சேர்த்து 2050.

இங்கேதான் பலர் தவறுவது. எட்டு மணி நேரம் வெளியே இருந்தால் எட்டு மணி நேரமும் துடைப்பதாகக் கணக்குப் போட்டுவிடுவார்கள். பஸ்ஸில் போகிற நேரம், வாட்ச்மேனிடம் பெயர் எழுதுகிற நேரம், சோபாவையும் கட்டிலையும் நகர்த்துகிற நேரம், தண்ணீர் மாற்றுகிற நேரம், சாப்பாடு எல்லாம் போனால் கை ஜன்னலில் இருப்பது ஐந்து மணி நேரம். அதாவது 300 நிமிஷம். ஜன்னலுக்கு 22 நிமிஷம் என்றால் ஒருத்திக்கு 13 ஜன்னல், இருவருக்கு 26. 2050-ஐ 26-ஆல் வகுத்தால் ஜன்னலுக்கு ஏறக்குறைய 79 ரூபாய்.

"அப்போ எண்பது ரூபான்னு வெச்சுக்கலாமா?" என்று கிளம்பிவிட்டாள். உட்கார் என்றேன். தினமும் 26 ஜன்னல் கிடைக்குமா? பொங்கலுக்கு முந்திய இரண்டு வாரமும் தீபாவளிக்கு முந்திய மாதமும் கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போகமுடியாது. அடைமழைக் காலத்தில் யாராவது ஜன்னல் துடைக்கக் கூப்பிடுவார்களா? வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்காரவேண்டியதுதான். அந்த நாளுக்கும் அரிசி வேண்டும். என்றைக்காவது கை தவறி ஒரு கண்ணாடி உடைந்தால் நாம்தான் போட்டுக் கொடுக்கவேண்டும். அதனால் ஜன்னலுக்கு 100 ரூபாய். மிகுகிற இருபத்துச் சொச்சம் அவள் கைச்செலவுக்கு அல்ல, ஓர் எவர்சில்வர் டப்பாவுக்கு. மூன்றாம் மாதமே அந்த டப்பாவுக்கு வேலை வந்தது. ஒரு வீட்டில் பழைய மரக்கதவின் மக்கு உதிர்ந்து கண்ணாடி கழன்று விழ, அன்றைய கூலியைத் தொடாமல் டப்பாவிலிருந்தே எடுத்துக் கொடுத்தாள்.

நூறு என்பது சாதாரண ஜன்னலுக்கு. மற்றவற்றுக்கும் அவள் அளவைப் பார்க்கவில்லை, நிமிஷத்தைப் பார்த்தாள். நாலு கதவு உள்ள பெரிய பால்கனிக் கண்ணாடிக்கு 40 நிமிஷம், 200 ரூபாய். பாத்ரூமில் பட்டை பட்டையாகக் கண்ணாடி செருகிய வென்டிலேட்டர் இருக்கிறதே, அது ஒரு முழம்கூட இருக்காது. ஆனால் ஒவ்வொரு பட்டையையும் உருவி, பிசுக்குப் போகக் கழுவி, திரும்பச் செருக 12 நிமிஷம். அதற்கு 60.

இந்த அறுபதுக்குத்தான் சண்டையெல்லாம்!

"ஏம்மா, இத்தனூண்டு ஜன்னலுக்கு அறுபதா? அவ்வளவு பெரிய ஜன்னலுக்கே நூறுதானே கேக்கறே?"

"ஆமாம்மா, சின்னதுதான். அஞ்சு பட்டை, ரெண்டு பக்கம், பத்துத் தடவை துடைக்கணும். நீங்க வேணா ஒரு பட்டையைக் கழட்டிப் பாருங்களேன்."

அந்த அம்மாள் கழற்றிப் பார்த்தார். விரல் கறுத்தது. மறுபேச்சுப் பேசவில்லை.

கறைக்கும் தனி விலை. இது முக்கியம், ஏனென்றால் நஷ்டம் வருவதும் மனஸ்தாபம் வருவதும் இதில்தான். போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து காய்ந்து படிவதுதான் அந்த வெள்ளைக் கறை. சோப்புக்கு அது மசியாது. வினிகர் நனைத்த துணியைப் பத்து நிமிஷம் ஒட்டி வைத்தால் இளகும். ஆனால் பல வருஷமாகப் படிந்து கண்ணாடியையே அரித்துவிட்ட கறை எதற்கும் போகாது. அதனால் முதலில் ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்துக் காட்டிவிட்டு, "இவ்வளவுதான் போகும், பரவாயில்லையா?" என்று கேட்கிறாள். சரி என்றால் ஒரு கதவுக்கு 60 ரூபாய். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரைப் பக்கத்து உப்பு வேறு ஜாதி. வெறும் தண்ணீரிலேயே கரைந்துவிடும், ஆனால் அடுத்த வாரமே திரும்பி வந்துவிடும். அங்கே கறைக்குத் தனிக்காசு கேட்பதில்லை. மாதம் ஒரு முறை வரட்டுமா என்று கேட்கிறாள்.

வினிகரைப் பற்றிச் சொன்னதால் நம் வீட்டுக்கும் பயன்படுகிற சில எச்சரிக்கைகள். ஜன்னலடியில் கடப்பைக் கல்லோ பளிங்கோ இருந்தால் வினிகர் சொட்டவிடாதீர்கள். கல் வெளுத்து, பளபளப்புப் போய்விடும். பாத்ரூமுக்கு ஊற்றுகிற ஆசிட்டை அலுமினியச் சட்டத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ப்ளீச்சிங் பவுடரோடு வினிகரையோ ஆசிட்டையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நெஞ்சை அடைக்கும், குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னும் ஆபத்து. வெயிலுக்கு ஒட்டிய ஃபிலிம் உள்ள கண்ணாடியில் பிளேடு போட்டுச் சுரண்டினால் ஃபிலிம் கிழியும். இன்னொன்று, வெயில் நேராக அடிக்கும்போது துடைக்கக் கூடாது. சோப்புத் தண்ணீர் உடனே காய்ந்து கோடு கோடாக நிற்கும். காலையில் மேற்குப் பக்கம், மத்தியானத்துக்கு மேல் கிழக்குப் பக்கம். என் சிநேகிதி இந்த ஒழுங்கில் போவதாலேயே இரண்டாம் தடவை துடைக்கிற வேலை மிச்சமாகிறது. மிச்சமாகிற நேரமும் காசுதானே!

இப்போதெல்லாம் அவள் போனில் கண்ணை மூடிக்கொண்டு தொகை சொல்வதில்லை. எல்லா ஜன்னலையும் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறாள். கொசுவலை உண்டா, கம்பி உள்பக்கமா வெளிப்பக்கமா, எத்தனாவது மாடி, லிஃப்ட் வேலை செய்கிறதா, கடைசியாக எப்போது துடைத்தது என்று கேட்கிறாள். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் சிரிப்புத்தான் பதில்! அப்படியானால் முதல் தடவைக்கு ஒன்றரைப் பங்கு. அடுத்த தடவையிலிருந்து சாதாரண விலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் கூப்பிடுகிற வீட்டுக்கு ஜன்னலுக்கு 80 ரூபாயே வாங்குகிறாள். அழுக்கு கெட்டியாவதற்குள் போய்விடுவதால் 22 நிமிஷ வேலை 15 நிமிஷத்தில் முடிகிறது, அவளுக்கும் நஷ்டமில்லை.

இங்கிலாந்தில் ஜன்னல் துடைக்கிறவர்கள் செய்வதும் இதுதான். நாலு வாரத்துக்கோ எட்டு வாரத்துக்கோ ஒருமுறை, ஒரே தெருவில் வரிசையாக வீடுகளை முடித்துக்கொண்டு போவார்கள். வீட்டுக்கு வீடு பஸ் ஏற வேண்டாம். இதை நான் சொன்னதும் அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். ஒரே அடுக்குமாடியில் நாலு வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் கூப்பிட்டால் ஒவ்வொருவருக்கும் நூற்றுக்குப் பத்துத் தள்ளுபடி. இப்போது வாடிக்கையாளரே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஆள் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மறுபக்கம், "ஒரே ஒரு ஜன்னல்தாம்மா, வந்துட்டுப் போயேன்" என்கிறவர்களுக்காக ஒரு விதி. எவ்வளவு சின்ன வேலையானாலும் படியேறினால் குறைந்தது 800.

பேரம் பேசாத ஊரா இது? பேசுவார்கள். அவள் பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும். விலையைக் குறைப்பதில்லை, வேலையைக் குறைக்கிறாள். "ஐநூறு கம்மி பண்ணணுமா? சரிம்மா, வலையை நீங்களே கழட்டிக் கழுவி வெச்சுடுங்க, பின்பக்கத்து ரெண்டு ஜன்னலை விட்டுடறேன்." முகம் கோணாமல், சிரித்துக்கொண்டே. ஆரம்பத்தில் அவளுக்கு இது வரவில்லை. கண்ணாடி முன் நின்று, "ரெண்டாயிரத்து நானூத்தித் தொண்ணூறு ரூபாம்மா" என்று உரக்கச் சொல்லிப் பழகினாள். ஏன் அந்தத் தொகை என்கிறீர்களா? அந்த முதல் வீட்டின் சரியான விலை அது. எட்டு ஜன்னல் 800, பால்கனி 200, மூன்று வென்டிலேட்டர் 180, ஆக 1180. மூன்று வருஷ அழுக்கு, ஒன்றரைப் பங்காக 1770. பன்னிரண்டு கதவில் கறை, 720. மொத்தம் 2490. கேட்டது 800!

அரசாங்க விஷயத்துக்கு அவள் கணவர் பயந்துகொண்டிருந்தார். வருஷத்துக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் வரவு இருக்கும் இப்படிப்பட்ட சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. சிறு தொழில் என்று உத்யம் பதிவு செய்துகொள்ளக் கட்டணமும் கிடையாது. யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கூட்டல் கழித்தல். ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அவள் நோட்டில் விலை எழுதாமல் கோடு போட்டிருக்கிறாள்.

போன கோடையில் ஒரு வீடு, நாலாம் மாடி. ஹாலில் பெரிய ஜன்னல், கம்பியே இல்லை. 'வியூ' கெடும் என்று வைக்கவில்லையாம். ஓரத்தில் அசையாமல் பொருத்திய ஒரு கண்ணாடி. அதன் வெளிப்பக்கத்துக்குக் கை எட்டவில்லை. வெளியே இரண்டடி அகலத்துக்கு சன்ஷேடு. வீட்டுக்காரர் சாதாரணமாகச் சொன்னார்: "அந்த சன்ஷேடுல இறங்கி நின்னுக்கிட்டா ஈஸியா எட்டும்மா. போன வருஷம் எங்க வீட்டு வேலைக்காரம்மா நின்னுதான் துடைச்சா. வேணும்னா மேல இருநூறு தர்றேன்."

கூட வந்த பெண் செருப்பைக் கழற்றிவிட்டாள். இருநூறு ரூபாய் அல்லவா! புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜன்னல் திட்டில் ஒரு காலும் வைத்துவிட்டாள். என் சிநேகிதி அவள் கையைப் பிடித்து இழுத்து உள்ளே நிறுத்தினாள்.

"சார், அது மட்டும் வேணாம். அந்தக் கண்ணாடியை உள்பக்கம் மட்டும் துடைச்சுத் தர்றோம். அதுக்குள்ளதைக் கழிச்சுக்குங்க."

"இன்னொரு முன்னூறு...?"

"எவ்வளவு கொடுத்தாலும் வேணாம் சார். இவளுக்கு ரெண்டு வயசுல குழந்தை இருக்கு."

அவர் முகம் சுருங்கியது. அந்த வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு வரவில்லை. வராவிட்டால் போகிறது. வீடு திரும்புகையில் அந்தப் பெண், "அக்கா, வழியெல்லாம் கால் நடுங்குது. ஏறும்போது நடுங்கலை, இப்போ நடுங்குது" என்றாளாம்.

இது வெறும் பயம் இல்லை. சிங்கப்பூரில் வீட்டு வேலைக்குப் போன வெளிநாட்டுப் பெண்கள் ஜன்னல் துடைக்கும்போது மாடியிலிருந்து விழுந்து இறந்தது தொடர்ந்து நடந்ததால், 2012 ஜூனில் அந்த அரசு ஒரு விதி போட்டது. ஜன்னலுக்குக் கம்பி பொருத்தி, துடைக்கும் நேரம் முழுக்க அது பூட்டியிருக்கவேண்டும். முதலாளியோ அவர் சார்பில் பெரியவர் ஒருவரோ கூடவே நின்று கவனிக்கவேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் மாடி ஜன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைக்கச் சொல்லக்கூடாது. ஹாங்காங்கிலும் 2017 முதல் வேலை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார்கள்: தரைத்தளமோ பால்கனியோ பொது நடையோ இல்லாத இடத்தில், பூட்டிய கம்பி இருந்தால்தான் வெளிப்பக்கம் துடைக்கலாம், அப்போதும் கைகளைத் தவிர உடம்பின் எந்தப் பாகமும் ஜன்னல் விளிம்புக்கு வெளியே போகக்கூடாது.

நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? தீபாவளிக்கு முந்தின வாரம், வேலைக்கு வரும் அம்மாவிடம், "கொஞ்சம் வெளிப்பக்கமும் துடைச்சுடேன்" என்று இருபதோ ஐம்பதோ அதிகம் கொடுத்துச் சொல்கிறோம். இல்லையென்றால், இடுப்புக் குழந்தையைக் கீழே விட்டுவிட்டு நாமே பிளாஸ்டிக் நாற்காலியை ஜன்னலோரம் போட்டு ஏறுகிறோம். ஈரத் தரையில் அந்த நாற்காலியின் கால் எப்போது விரியும் என்று யாருக்குத் தெரியும்? உட்கார்ந்து சாப்பிட வாங்கிய நாற்காலி அது. ஏறுவதற்கு அகலப் படி வைத்த மடக்கு ஏணி வாங்குங்கள். அது கைவசம் இல்லாத நாளில், உயரம் எட்டாத இடத்துக்கு நீளக்கம்பு மாட்டிய வைப்பர் போதும். துடைத்து முடித்ததும் நாற்காலியையோ ஏணியையோ ஜன்னலடியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்; நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு அது படிக்கட்டு.

வெளிப்பக்கம் கம்பி உள்ள நகரும் ஜன்னலுக்கு ஒரு சுலபவழி உண்டு. கண்ணாடிக் கதவை இரண்டு கையால் மேல்பக்கமாகத் தூக்கி, அடியை உள்ளே இழுத்தால் டிராக்கிலிருந்து கழன்றுவிடும். பாத்ரூமில் சாய்த்து வைத்து இரண்டு பக்கமும் கழுவி மாட்டலாம். ஆனால் இது இரண்டு பேர் வேலை. தனியாகச் செய்யவேண்டாம், கண்ணாடி கனக்கும். என் சிநேகிதி எந்த வீட்டுக்கும் ஒற்றை ஆளாகப் போகாததற்கு இது ஒரு காரணம். தெரியாத வீட்டுக்குத் தனியே போகவேண்டாம் என்பது இன்னொரு காரணம்.

இந்தப் பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு நான் அவள் வீட்டில் இருந்தபோது போன் வந்தது. அந்த முதல் வீட்டு அம்மாள்!

"போன வருஷம் வந்தியே, ஞாபகம் இருக்கா? எண்ணூறுதானே?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நோட்டைப் பிரித்துக்கொண்டாள். "இல்லைம்மா. அப்போ எனக்குக் கணக்குத் தெரியலை. எட்டு ஜன்னல், ஒரு பால்கனி, மூணு வென்டிலேட்டர். ஆயிரத்து நூத்தி எண்பது ஆகும். கறை மறுபடி வந்திருக்கா?"

"இல்லை, நீ சொன்னபடி மேல்வீட்டுத் தண்ணி வழிஞ்சா அன்னிக்கே துடைச்சுடறேன்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. என் சிநேகிதியும் பேசவில்லை. பழைய ஆளாக இருந்தால் இந்நேரம் நூறு ரூபாய் இறங்கியிருப்பாள்.

"பாத்ரூம் வென்டிலேட்டரை நானே பார்த்துக்கட்டுமா?"

"தாராளமாப் பாருங்கம்மா. நூத்தி எண்பதைக் கழிச்சுடறேன். ஆயிரம்."

"சரி, வியாழக்கிழமை வா. கூட ஒரு பொண்ணு வந்தாளே, அவளையும் கூட்டிண்டு வா. நன்னா துடைச்சா."